கத்தி படாத தலை

அந்த வீட்டில் கரண்டு போனால்தான் மனுஷக் குரல் கேட்கும். மற்ற நேரமெல்லாம் தறிகள்தான் பேசும். வீட்டை ஒட்டின நீளக் கொட்டகையில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை பேண்டேஜ் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ராஜபாளையத்துக்குத் தெற்கே அந்தத் தெரு முழுக்க அதே பிழைப்புதான். உலகத்தில் எவன் மண்டை உடைந்தாலும் கட்டுப்போடத் தன் வீட்டுத் துணிதான் போக வேண்டும் என்பதுபோல மாரியாத்தாள் பெருமை அடித்துக்கொள்வாள். அவள் புருஷன் வேலுசாமிக்குக் காது மந்தம். அவருடைய அப்பா, செத்துப்போன ஐயாதுரைக்கும் மந்தம்தான். தறிக்காரன் காது அப்படித்தான் போகும் என்று யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொண்டதில்லை.

மலையிலிருந்து ஆனிக் காற்று இறங்க ஆரம்பித்திருந்த ஒரு முற்பகல். அந்த வீட்டு மருமகள் செல்வலட்சுமி அடுப்படிப் படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மாரியாத்தாள் மகன் கௌதம்ராஜுக்கு மம்சாபுரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். தாயில்லாதவள், அதனால் தலைப்பிரசவமும் இங்கேதான். பின்வாசல் கல்லில் சுடலையம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை இரண்டு காலுக்கும் நடுவில் கிடத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிறந்து மூன்று மாதம் ஆன பெண் பிள்ளை. நிறைமதி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சுடலையம்மாளுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கத்தில் பிள்ளை குளிப்பாட்ட அவளை விட்டால் ஆளில்லை. எண்ணெய் தேய்த்து, மூக்கை உருவி, மோவாயைப் பிடித்துவிட்டு, தலையை உள்ளங்கைகளுக்குள் வைத்து உருட்டுவாள். அவள் உருட்டினால் தலை எலுமிச்சம்பழம்போல் வரும் என்று ஊரே சொல்லும். அவளுக்கும் காது சரியாகக் கேட்காது. தறிப்பக்கமே போகாதவளுக்கு அது எப்படிப் போனது என்று யாரும் யோசித்ததில்லை.

கரண்டு போனது. தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. செல்வலட்சுமி என்னவோ தோன்றி நிமிர்ந்து பார்த்தாள். குனிந்திருந்த கிழவியின் முகமும் மல்லாந்திருந்த பிள்ளையின் முகமும் நேருக்கு நேராக இருந்தன. உயர்ந்து எழும்பின நெற்றி. அதில் இடதுபக்கம் யாரோ அழுத்திவிட்டதுபோலத் தட்டை. இடது புருவம் மட்டும் மேலே ஏறியிருந்தது. கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி அதிகம். மூக்குத்தண்டு சாய்ந்திருந்தது. ஒன்று சுருங்கினது, ஒன்று பால்மணம் மாறாதது. மற்றபடி இரண்டும் ஒரே முகம்.

மடியிலிருந்த பூண்டெல்லாம் கொட்டிப்போக அவள் எழுந்துவிட்டாள். "அத்தை! இங்க வாங்களேன்!"

மாரியாத்தாள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "என்னட்டி, இந்தக் கத்து கத்துத?"

"பிள்ளை மொகத்தப் பாருங்க. இவிய மொகத்தையும் பாருங்க."

மாரியாத்தாள் ஏறிட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "இப்பத்தான் ஒனக்குத் தெரியுதாக்கும். தொட்டில் போடும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொன்னா ஒனக்குப் பால் வத்திரும்னு வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்." பிறகு சுடலையம்மாளின் காதோரம் போய்ச் சத்தம் போட்டாள். "ஏ சுடலை! கௌதமுக்கு அடுத்து நான் பெத்தவனையும் நீதான குளிப்பாட்டுன? அவன் தலையும் இப்பிடித்தான் கோணிக்கிட்டுப் போச்சு. எட்டு மாசத்துல மண்ணுல போட்டோம். இப்ப இதுவுமா? ஒங் கையில என்னத்தத்தான் வச்சிருக்க?"

சுடலையம்மாள் பிள்ளையைத் துவட்டினாள். சாம்பிராணிப் புகை காட்டினாள். செல்வலட்சுமி மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "இனிமே நான் வரலை தாயி," என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகவே போனாள். அந்த வீட்டுக்குள் அவள் முன்வாசல் வழியாக வந்ததே கிடையாது.

மாரியாத்தாள் கையை மட்டும் குற்றம் சொல்லி விடவில்லை, சேனையும் சேர்ந்துகொண்டது. பிறந்த பிள்ளை நாக்கில் முதல் சீனித்தண்ணியை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணமும் சாயலும் பிள்ளைக்கு வரும் என்பது இங்கே எல்லோரும் நம்புகிற விஷயம். அதனால் நல்லது கெட்டது தெரிந்த, பார்க்க லட்சணமான ஆளாகப் பார்த்துத்தான் சேனை வைக்கச் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் செல்வலட்சுமிக்குப் பிரசவமான நேரம், மாரியாத்தாள் நூல் லாரி வந்திருக்கிறதென்று ராஜபாளையத்துக்குத் திரும்பியிருந்தாள். துணைக்கு இருந்த சுடலையம்மாள்தான் விரலால் தொட்டு வைத்தாள். மாரியாத்தாளுக்கு அன்றைக்கு நூல் பெரிசாகப் போய்விட்டது. அந்த ஆத்திரத்தையும் இப்போது சுடலையம்மாள் தலையிலேயே கட்டினாள்.

அவள் கை கெடுத்ததை இன்னொரு கை எடுத்துவிடும் என்று வத்திராயிருப்பிலிருந்து வேறொருத்தியை வரவழைத்தார்கள். கடுகு அடைத்த தலையணையில் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் போட்டு, தூக்கின பக்கத்தை அழுத்தினார்கள். பிள்ளை வீறிட்டது. குடித்த பாலையெல்லாம் கக்கியது. கண்கள் முன்னைவிட முன்னுக்கு வந்தமாதிரி இருந்தன. செல்வலட்சுமி தடுப்பூசி போடுகிற சாக்கில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மதுரையிலிருந்து டாக்டர் ஷெரின் வந்திருந்தாள். தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிற மண்டை, முகக் கோளாறுகளை ஆராய்ச்சி செய்கிறவள். ஊர் ஊராகப் போய்க் குடும்பம் குடும்பமாகத் தலைகளைப் பார்த்து, ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள். சொந்த ஊர் நாசரேத் பக்கம். நாற்பது வயதிருக்கும். பிள்ளையை வாங்கியதும் அவள் ஸ்கேனையும் கேட்கவில்லை, சீட்டையும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தலையைத் தடவினாள். செல்வலட்சுமி அந்த விரல்களையே பார்த்தாள். சுடலையம்மாளும் இப்படித்தான் தடவுவாள்.

"குளிப்பாட்டுன கைதான் இப்பிடிப் பண்ணிட்டுன்னு வீட்டுல சொல்லுதாவ டாக்டரம்மா."

"எந்தக் கையாலயும் இது ஆகாது. கேட்டுக்கோங்க. பொறந்த பிள்ளைக்கு மண்ட ஓடு ஒரே ஓடு இல்ல. அஞ்சாறு துண்டு. நடுவுல தையல் விட்டமாதிரி இருக்கும். மூளை வளர வளர ஓடு வெலகி எடம் குடுக்கும். இவளுக்கு இந்தா, இடது பக்கத் தையல் வயித்துக்குள்ளயே மூடிக்கிட்டு. மூளை எங்க போகும்? எடம் இருக்கப் பக்கமாத் தள்ளுது. அழுத்திச் சரி பண்ணுதோம்னு தலையணை வச்சியளா?"

செல்வலட்சுமி பிள்ளையைத் திரும்ப வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே வைக்காதீய. ஆப்பரேஷன்தான் வழி. ஒரு வயசு முடியறதுக்குள்ள ஓட்டைத் திறந்து எடம் விடணும். மதுரையில பண்ணுவாவ. விட்டுட்டா மூளையை நெருக்கும், கண்ணுக்குப் போற நரம்பை நெருக்கும். பார்வை போயிரும்மா. அதுக்கு மேலயும் ஆகலாம்."

"எதனால வருது?"

"அது உங்க வீட்டுல எல்லார் தலையையும் பாத்தாத்தான் சொல்ல முடியும். சிவகாசியில கல்யாணப் பத்திரிகை அடிக்கான். அச்சுல ஒரு எழுத்து மாறிட்டா அம்புட்டுப் பத்திரிகையிலயும் மாறித்தான வரும்? ரத்தத்துல அப்பிடி ஒரு எழுத்து. ஆனா பாருங்க, ஒருத்தருக்குக் காது மந்தத்தோட போயிரும். ஒருத்தருக்கு மண்டைக்குள்ளயே மறைஞ்சு கெடக்கும். ஒருத்தருக்கு மொகத்துலயே ஏறி உக்காந்துரும்."

காது மந்தம் என்றதும் செல்வலட்சுமிக்கு மாமனார் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு தின்றுவிட்டுக் கௌதம்ராஜ் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முடிக்குள் விரலை விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து தொட்ட தலைதான். இன்றைக்கு டாக்டர் தடவினமாதிரி மெதுவாகத் தடவினாள். ஒரு காதுக்கு மேலிருந்து உச்சி வழியாக இன்னொரு காதுவரைக்கும் தோலுக்கடியில் வரப்புமாதிரி ஒரு மேடு ஓடியது. கையை எடுத்துவிட்டாள். கூட வாழ்கிற மனுஷன் தலைக்குள் இத்தனை நாள் யாரோ ஒளிந்து கிடந்தமாதிரி அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆப்பரேஷன் என்ற பேச்சை எடுத்ததும் வீடு நெருப்புப் பட்டதுபோல ஆயிற்று. காசு பணம் காரணமில்லை. கத்திதான் காரணம்.

அந்த வீட்டுத் தலையில் கத்தி படக்கூடாது. வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடியில் அவர்கள் கும்பிடுகிற கருப்பன் உத்தரவு அது. இந்தக் குடியின் தலைகளெல்லாம் அவனுக்கு எழுதிக் கொடுத்தாயிற்றாம். கத்தி அவன் கையில்தான் இருக்க வேண்டுமாம். மனுஷன் கத்தி பட்டால் குடி அழிந்துபோகுமாம். ஊரெல்லாம் பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்தும். இந்த வீட்டில் கத்தரிக்கோலால் ஒரு கற்றை முடி வெட்டிப் போட்டால் சரி. ஐயாதுரை செத்தபோது மகன் வேலுசாமி மொட்டை எடுக்கவில்லை. ஊரில் பேசத்தான் செய்தார்கள். சாமி உத்தரவென்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். ஐயாதுரை துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டேதான் தூங்குவார். முன்கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற படத்திலும் தலைப்பாகையோடுதான் இருக்கிறார், புருவத்தை மூடுகிற அளவுக்கு இறக்கிக் கட்டியது. உத்தரவு போட்டது கருப்பனா, அந்தத் தலைப்பாகைக்காரரா என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அய்யா சரின்னா நான் கையெழுத்துப் போடுதேன்," என்றான் கௌதம்ராஜ்.

"கத்தி வேண்டாம்," என்றார் வேலுசாமி. அவர் கத்திப் பேசுகிற மனுஷர் இல்லை. சொன்னதை மாற்றிச் சொல்கிற மனுஷரும் இல்லை.

மாரியாத்தாளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. மகள் சிவரஞ்சனிக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தார்கள். "ரத்தத்துல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? நீ ஒரு பிள்ளையப் பாக்க. நான் ரெண்டு பிள்ளையப் பாக்கேன்." அவளும் ஒன்றை மண்ணில் போட்டவள்தானே.

செல்வலட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள். சுடலையம்மாள் வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"எங்கிட்டக் கொண்டு வராத தாயி. எடுத்துட்டுப் போ."

"ஒங்க கையால ஒண்ணும் ஆகலைன்னு டாக்டரம்மா சொல்லுதாவ." செல்வலட்சுமி காதுக்குப் பக்கத்தில் சத்தமாகச் சொன்னாள்.

"அவியளுக்கு என்ன தெரியும்? இந்தத் தெருவுல எம்புட்டுப் பிள்ளை எங்கையில வளந்திருக்கு. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலை. ஒங்க வீட்டுப் பிள்ளை தலையத் தொட்டா மட்டும் எங் கை விரலு சில்லுன்னு போகும். எனக்குக் காதுதான் கேக்காது, விரலுக்குக் கேக்கும். உள்ள எலும்பு கூடுத சத்தம். ஒங்க மாமியா பெத்தாள்ல, அந்தப் பயலுக்கும் அப்பிடித்தான். நாளாக நாளாக எம் மூஞ்சி அவன் மேல எறங்கிட்டு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

செல்வலட்சுமி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பொறவு ஏன் மறுபடியும் வந்திய?"

"வரலைன்னுதான் சொன்னேன். ஒங்க மாமியா விடலை. வேற நல்ல கை ஊருல இல்லைன்னுட்டா." கிழவி கீரைக் குச்சியை ஒடித்துக்கொண்டே இருந்தாள். "நானும் ஒண்ணு பெத்தேன் தாயி. ஆம்பளப் பிள்ளை. அதையும் நாந்தான் குளிப்பாட்டினேன். மூஞ்சி அப்பிடியே நான். ஒரு வருசங்கூட இருக்கலை. எங்கையாலதான் கொன்னேன்னு அன்னிக்கே தெரியும். எம் புருசனும் அதைச் சொல்லிட்டுத்தான் போனான்."

பிள்ளை கிழவியைப் பார்த்துச் சிரித்தது. கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவின் அத்தனை பிள்ளைகளுக்கும் ஆகாதது தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஆகிறது என்று யோசித்துக்கொண்டே செல்வலட்சுமி திரும்பி நடந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தறிகளுக்கு எண்ணெய் போடுகிற நேரத்தில், டாக்டர் ஷெரின் கையில் ஒரு பால்கோவா டப்பாவோடு வந்துவிட்டாள். செல்வலட்சுமி போன் பண்ணிக் கூப்பிட்டிருந்தாள். வீடு தேடி வந்த டாக்டரை வெளியே போ என்று சொல்ல மாரியாத்தாளுக்கு வாய் வரவில்லை. காப்பி போட்டாள், கூடவே காராச்சேவும் வைத்தாள்.

"நான் தலை ஜோசியக்காரின்னு வச்சுக்கோங்க அக்கா. தலையக் காட்டுனாப் போதும், தட்சணை வேண்டாம்," என்று ஷெரின் சிரித்தாள்.

முதலில் கையை நீட்டினது சிவரஞ்சனி. "எனக்கு எடுங்க டாக்டர். இருக்குன்னா தெரிஞ்சுக்கிட்டே கட்டிக்கட்டும். தெரியாமக் கட்டி நாளைக்கு எம் பிள்ளைக்கு வந்தா நான் யாரைச் சொல்ல?" மாரியாத்தாள் மகளை முறைத்தாள். மகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கௌதம்ராஜும் கொடுத்தான். வேலுசாமி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "ரத்தந்தான, எடுத்துக்கோங்க. கத்தி இல்லையே," என்றார். ஷெரின் காது சோதிக்கிற ஓர் இரும்புக் கவையைத் தட்டி அவர் காதருகில் வைத்துப் பார்த்தாள். இன்னொன்றைத் தட்டி வைத்தாள்.

"தறிச் சத்தத்துல காது போனா கீச்சுன்னு கேக்குத மெல்லிசான சத்தந்தான் மொதல்ல போகும். உங்களுக்கு அது கேக்கு. கனத்த சத்தம்தான் கேக்கலை. இது தறி பண்ணுனது இல்ல அண்ணாச்சி."

"எங்க அய்யாவுக்கும் இப்பிடித்தான் இருந்துது," என்றார் அவர். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். தலைப்பாகைக்குக் கீழே ஒரு புருவத்தின் நுனி மட்டும் மேலேறித் தெரிந்தது.

அந்த நேரம் பின்வாசலில் நிழல் தட்டியது. செல்வலட்சுமி வரச்சொன்னபடி சுடலையம்மாள் வந்து, உள்ளே வராமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். ஷெரின் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த காப்பி டம்ளர் அப்படியே நின்றது. கிழவியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடியும் கிழவியைப் பார்த்தாள். கேட்டிருக்கக்கூடாத கேள்வி ஒன்று வாய் தவறி வந்துவிட்டது.

"இவிய உங்களுக்கு என்ன முறை?"

மாரியாத்தாள் சிரிக்கப் பார்த்தாள். "முறையா? நல்லாச் சொன்னிய போங்க. இவ பிள்ளை குளிப்பாட்ட வந்தவ. இவ ஆத்தா எங்க மாமனார் காலத்துல இங்க தறிக்கு நூல் தார் சுத்திக்கிட்டுக் கெடந்தா. வேற என்ன?"

"மன்னிச்சுக்கோங்க. நான் சும்மா கேட்டேன்," என்று ஷெரின் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகம் கன்றிப்போயிருந்தது.

சுடலையம்மாளுக்கு எதுவும் கேட்டிருக்காது. முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள். "எனக்கும் எடுங்க தாயி. இந்தக் கையில என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

வேலுசாமி எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர ஐப்பசி ஆகிவிட்டது. அதற்குள் பிள்ளைக்கு இடது கண் சரியாக மூடாமல் போயிற்று. தூங்கும்போதும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி அறையில் ஷெரின் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவரவர் ரத்தம் அவரவருக்கு, அடுத்தவரிடம் சொல்லமாட்டேன் என்பது அவள் வழக்கம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். வேலுசாமிக்கு இருந்தது. கௌதம்ராஜுக்கு இருந்தது. பிள்ளைக்கு இருந்தது. சிவரஞ்சனிக்கு இல்லை. மாரியாத்தாள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கே பேத்திக்காகவும் புருஷனிடம் மன்றாடினாள்.

"ரத்தத்துல இருக்குன்னா இருந்துட்டுப் போகட்டும்," என்றார் வேலுசாமி. "கத்தி படக்கூடாது. நான் உசுரோட இருக்கையில குடி அழியக் கூடாது."

சுடலையம்மாளுக்குக் காது கேட்காது என்று செல்வலட்சுமிதான் கூடப் போயிருந்தாள். ஷெரின் கிழவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசினாள். செல்வலட்சுமி காதில் திருப்பிச் சொன்னாள்.

"உங்க கை எந்தப் பிள்ளையையும் ஒண்ணும் பண்ணலை. நீங்க பெத்த பிள்ளையையும் பண்ணலை. உங்க ரத்தத்துலயே அந்த எழுத்து இருக்கு. நீங்க பொறக்கும்போதே வந்தது. ஆத்தா வழியா வந்திருக்கும், இல்லன்னா அப்பா வழியா. அதுக்கு மேல நான் சொல்லக்கூடாது."

"கை இல்லையா?"

"கை இல்ல."

"நெசமாவா? எங் கை இல்லையா தாயி?" கிழவி திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். எத்தனையோ வருஷமாகக் கட்டி வைத்திருந்த அழுகை. செல்வலட்சுமியும் சேர்ந்து அழுதாள். ஆராய்ச்சிக்காரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

பஸ்ஸில் மம்சாபுரம் விலக்கு தாண்டினதும் கிழவி சொன்னாள். "எங்காத்தா மொகம் அம்மன் செலை மாதிரி இருக்கும் தாயி. காது பாம்புச் செவி. அவ வழியா வரலை." வெளியே மழை தூற ஆரம்பித்தது. "பாவி மக்கா, அவ ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலையே." ராஜபாளையத்தில் இறங்கினதும் அவள் வீட்டுப் பக்கம் நடக்கவில்லை. வத்திராயிருப்புப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். ஒரு வாரமாக அவளைத் தெருவில் யாரும் பார்க்கவில்லை.

அடைமழை பிடித்த ஒரு நாள் மத்தியானம். கரண்டு போய்த் தறிகள் நின்றிருந்தன. வேலுசாமி முன்கூடத்தில் அப்பா படத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கௌதம்ராஜ் பெஞ்சில் படுத்திருந்தான். மாரியாத்தாளும் சிவரஞ்சனியும் கூடத்துக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். செல்வலட்சுமி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு தட்டியும் பிள்ளை முனகிக்கொண்டே இருந்தது. முன்வாசலில் யாரோ ஏறி வருகிற காலடி கேட்டது.

சுடலையம்மாள் நனைந்த முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு நின்றாள். நிலைப்படிக்கு வெளியே நின்றவாறே முந்தானையைக் கீழே இறக்கினாள்.

மொட்டை. மழைவெளிச்சத்தில் அந்தத் தலை முழுசாகத் தெரிந்தது. கூம்பி உயர்ந்த தலை. இடதுபக்கம் தட்டை. ஒரு காதிலிருந்து இன்னொரு காதுவரை உச்சியின் குறுக்கே எலும்பு வரப்புக் கட்டி ஓடியது.

சிவரஞ்சனி "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள். வேலுசாமி எழுந்துவிட்டார். அவர் கை, தொடப்போகிறதுபோல முன்னால் நீண்டது. அதே மாதிரித் தலையை அவர் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். ஐயாதுரை செத்த அன்றைக்கு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து, தானே ஒற்றையில் குளிப்பாட்டினார். மறுபடியும் தலைப்பாகையைக் கட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தார். அன்றைக்குக் கையில் தட்டுப்பட்டதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"கருப்பன் முன்னாலயே உக்காந்து எடுத்தேன்," என்றாள் சுடலையம்மாள். காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "எடுத்து ஒரு வாரம் ஆச்சு. என்ன ஆகுதுன்னு கோயில்லயே கெடந்து பாத்துட்டுத்தான் வாரேன். ஒரு காய்ச்சல் தலைவலிகூட இல்ல. இந்தத் தலையில கத்தி பட்டுருச்சு. கருப்பன் ஒண்ணுங் கேக்கலை. பிள்ளையக் கொண்டு போங்க."

"ஏட்டி, ஒந் தலையில பட்டா எங்க குடிக்கு என்ன..." என்று மாரியாத்தாள் ஆரம்பித்தாள். பாதியிலேயே பேச்சு நின்றுபோயிற்று. அவள் கண் தானாகச் சுவருக்கு ஏறியது. படத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள்மேல் கிழவி சாயல் இறங்கவில்லை. கிழவியேதான் இந்த வீட்டுச் சாயலோடு இத்தனை வருஷம் பின்வாசலில் நின்றிருக்கிறாள் என்பது அவளுக்கும் விளங்கிவிட்டது.

செல்வலட்சுமி மாமனார் முகத்தையே பார்த்தாள். அவர் வாயிலிருந்து வரப்போகிறதில்தான் அவள் பிள்ளையின் கண்ணும் உயிரும் இருந்தன. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வேலுசாமி கண்ணைத் துடைத்தார். "கௌதம், காரைச் சொல்லு. மதுரைக்குப் போவோம்," என்றார். பிறகு வாசலைப் பார்த்து என்னவோ சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. கொட்டகைத் தறிகள் அத்தனையும் ஒன்றாக இரைந்தன. சுடலையம்மாள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்ன சொன்னிய?" என்று கேட்டாள்.

அவர் கொட்டகைக்குள் போனார். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். தறிகள் நின்றன. திரும்பி வந்து, நிலைப்படி தாண்டி மழையில் இறங்கி, அவள் காதருகில் குனிந்து மறுபடியும் சொன்னார்.

"அக்கா, உள்ள வா."